நானூற்றுப் பதினேழு

பத்தொன்பதாவது நாவலின் கடைசி வரியைத்
தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் முடித்தேன்.
கோத்கா துறைமுகத்தில் அன்று பலத்த காற்று.
அது தணியும்வரை கிரேனை அசைக்கக் கூடாது.
கூண்டுக்குள் நானும், ஒரு பிளாஸ்க் காப்பியும்,
அவர் எழுதிய ஒரு கல்யாணமும்.
(கல்யாணம் நின்றுபோனது.
அவர் நாவல்களில் எப்போதும் நின்றுதான் போகும்.)

கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் தைஸ்தோ கேட்டான்:
"மேலே என்ன, தூங்கிவிட்டாயா?"
"இல்லை. தீர்ந்துவிட்டது" என்றேன்.
காப்பியைச் சொல்கிறேன் என்று நினைத்து
"இறங்கி வா, இங்கே இருக்கிறது" என்றான்.

நான்கு குளிர்காலம், வரிசை பிசகாமல்.
செத்து எண்பது வருடமான மனிதர்
இருபதாவதை எழுதப்போவதில்லை
என்பது தெரிந்த விஷயம்தான்.
எத்தனை டன் தூக்குகிறேன் என்று காட்டும் முள்
என் கண்ணெதிரே உண்டு.
அன்று அது பூஜ்யத்தில் நின்றது.
பொய் சொல்கிறது என்று தட்டிப் பார்த்தேன்.

நூலகத்து ஓர்வொக்கி நல்லவள்.
"அவரைப் பிடித்தால் இவர்களையும் பிடிக்கும்" என்று
ஐந்து புத்தகம் எடுத்துக் கொடுத்தாள்.
ஒருவர் பக்கத்துக்குப் பக்கம்
தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.
இன்னொருவர் மூன்றாம் பக்கத்தில் ஒருத்தியைக் கொன்றார்;
அவள் பெயர் மனதில் ஏறக்கூட நேரம் தரவில்லை.
மற்றவை நல்ல நாவல்களாகத்தான் இருக்கும்.
புது வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு
பழைய வீட்டு உப்பைத் தேடுகிறவள் நான்.
ஐந்து வாசலிலும் கை நனைக்காமல் எழுந்து வந்தேன்.

கடைசி நாவலைத் திருப்பித் தரப் போனபோதுதான்
பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன்.
கணினிக்கு முந்திய காலத்துத் தாள்:
தேதி முத்திரை, பக்கத்தில் வாசகர் எண்.
417. மார்ச் 1971.
அலமாரிக்குப் போய்ப் பதினெட்டாவதை உருவினேன்.
417. பிப்ரவரி.
பதினேழு, பதினாறு, பதினைந்து
நின்றுகொண்டே பார்த்தேன்.
எனக்கு முன்னால் ஒருவர்
இதே வழியில் போயிருக்கிறார்,
மூன்று வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்.
கிரேன் ஓட்டுபவராக இருக்க முடியாது.
அல்லது அந்த வருடம் காற்று அதிகம்.

"யார் இது?"
"சொல்லக் கூடாது" என்றாள் ஓர்வொக்கி.
பிறகு, "சொல்லவும் முடியாது.
குழாய் உடைந்த வருடம் பதிவேடு ஊறிப்போயிற்று."

எனக்குப் பேர் வேண்டாம்.
எனக்கு வேண்டியது ஏப்ரல்.
எல்லாம் தீர்ந்த பிறகு
417 எதை எடுத்தார்?

ஐந்து சனிக்கிழமை
அலமாரி அலமாரியாகப் பின்னட்டை புரட்டினேன்.
ஓர்வொக்கி முதலில் முறைத்தாள்.
மூன்றாம் வாரம் எதிர்க்கோடியிலிருந்து
அவளும் தொடங்கிவிட்டாள்.

ஏப்ரலில் தேனீ வளர்ப்பு.
மே எங்கள் கையில் சிக்கவில்லை.
ஜூனில் ரயில் பாலங்களைப் பற்றி ஒரு தடிப்புத்தகம்,
தாமத அபராதக் குறியோடு.
ஆக, அவரும் அலைந்திருக்கிறார்.
இதை அறிந்த இரவு
நான் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பரில் ஒரு நாவல்.
மெல்லியது. எழுதியவள் பெயரை
ஓர்வொக்கியே கேள்விப்பட்டதில்லை.
தாளில் மொத்தம் இரண்டு முத்திரை.
இரண்டுமே 417.

மறுபடியும் நாற்பது மீட்டர். மறுபடியும் காற்று.
முப்பது பக்கம்வரை என் பழையவரைத் தேடினேன்;
மருந்துக்கும் இல்லை.
சலவைக்கூடத்தில் வேலை செய்கிற ஒருத்தி
சட்டைப்பைகளில் கிடைப்பதை எல்லாம்
ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறாள்.
அவ்வளவுதான் கதை.
நாற்பத்தோராம் பக்கத்தில்
நாளைய தேதியிட்ட ரயில் சீட்டு ஒன்று அகப்படுகிறது,
ஈரத்தோடு.
யார் ஊரைவிட்டுப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.
டப்பாவைப் பார்க்கிறாள்.
இஸ்திரிப்பெட்டியைப் பார்க்கிறாள்.
சீட்டின் மேல் ஒரு கைக்குட்டையை விரிக்கிறாள்.

"காற்று நின்று கால்மணி ஆயிற்று" என்றான் தைஸ்தோ.
"பொறு" என்றேன்,
"காயட்டும்."