ஒன்றரை மில்லிமீட்டர்

கட்டோவிட்சே ரயில் நிலையத்துக்குப் பின்புறம்
ட்ராம் திரும்பும் முனையில் அந்தக் கடை.
பூட்ஸில் அப்பிய சேற்றுப்பனியை
மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே போனேன்.
இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்தேன்.
கண்ணுக்குள் மணல்.

மகனுக்கா என்றான் விற்பனைப் பையன்.
சட்டையில் குத்திய அட்டையில் கயெட்டன் என்றிருந்தது.
எனக்கு என்றேன்.
என்ன விளையாடுவீர்கள் என்றான்.
சொன்னதும் கூன் நிமிர்ந்தது.
எந்தப் பாத்திரம்?
குணப்படுத்துகிறவள்,
சண்டையை விட்டுவிட்டு
விழுந்தவர்களை நோக்கி ஓடுகிறவள்.
அதை யாரும் எடுக்க மாட்டார்களே என்றான்.
எனக்கு வேறு வராது.

வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள்,
அடியில் வானவில் ஓடும் மடிக்கணினிகளை,
ஊருக்கு வந்த சர்க்கஸ் போல.
திரையைப் பற்றிச் சொன்னான், கிராபிக்ஸ் அட்டையைப் பற்றி,
வினாடிக்கு எத்தனை சட்டகம் என்று.
நான் விசைகளைத் தொட்டுக்கொண்டே போனேன்.

முதலாவதில் பாலில் ஊறிய ரொட்டி.
இரண்டாவதில் அம்புக்குறி நான்கும்
வாடகை பாக்கி வைத்தவர்கள் மாதிரி
மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.
மூன்றாவது விளையாட்டை ஓட்டிக்கொண்டிருந்தது.
விசிறி இரைந்தது.
டபிள்யூ விசையில் விரல் வைத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி.

இதைப் பாருங்கள் என்றான் கயெட்டன்,
நான்காவதைத் தன் கைக்குட்டையால் துடைத்து.
ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கும்,
இறங்கிய வேகத்தில் திரும்பும்.
எதையாவது அடித்துப் பாருங்களேன்.

நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கைகள் தாமாகவே போய் உட்கார்ந்தன.
குறுக்குக்கோடு போட்ட எல்லுக்காக
வலது ஆல்ட்டைக் கட்டைவிரல் தேடவே இல்லை,
அது அங்கேயே இருந்தது.
அடியில் போய் முட்டும்போது அதே மெல்லிய டுக்.
அதே ஆழம்.

அவன் குனிந்து திரையை வாசித்தான்:
மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
கதவு திறந்திருக்கிறது.
ஆண், அறுபத்தொன்று. மூச்சு

இது என்ன என்றான்.

என்னவென்று சொல்வது?
ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் பதினான்கு வருடம்.
காதில் ஒரு மனைவி அலறுவாள்,
கை தெருப்பெயரை அடிக்கும்.
வண்டி கிளம்பியதா என்பது எனக்குத் தெரியும்.
போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியும்.
அதற்குப் பிறகு அடுத்த அழைப்பு.

வேலை என்று மட்டும் சொல்லி
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
இது வேண்டாம்.

இதைவிட நல்ல விசைப்பலகை எங்களிடம் இல்லையே.

தெரியும்.

ஐந்தாவது சுவரோரம் தனியாக இருந்தது,
தள்ளுபடிச் சீட்டு ஒட்டி.
திரை கொஞ்சம் மங்கல்.
விசைகள் ஒரு மயிரிழை கனம்.
ஸ்பேஸ் இடது ஓரத்தில் லேசாகக் கடகடக்கிறது.
ஒட்டிலியா என்று என் பெயரை அடித்தேன்,
இரண்டு பிழை.
மறுபடி அடித்தேன், ஒரு பிழை.
புது ஊரில் இறங்கிய கைகள்.
அவற்றுக்கு இங்கே யாருடைய முகவரியும் தெரியாது.

பதினோரு தவணை.
கயெட்டன் ரசீதை இரண்டு முறை மடித்துத் தந்தான்,
ஒரு கேள்வியை விழுங்கியவன் போல.
சார்ஜர் செங்கல் கனம்.
ட்ராமில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
என் நிறுத்தத்தைத் தாண்டித் தூங்கிப் போனேன்.

அன்று இரவு விடுமுறை.
பாலத்தருகே எங்கள் குழுவில் ஒருவன் விழுந்தான்.
யாரென்று தெரியாது,
பெயருக்குப் பதில் ஏதோ எண்கள்.
தப்புத்தப்பாக அழுத்திக்கொண்டு ஓடினேன்.
எட்டவில்லை.

எட்டு எண்ணினேன்.
எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல்,
மறுபடியும் பாலத்தை நோக்கி ஓடினான் மடையன்.
தனியாகச் சிரித்தேன், சத்தமாக.

ஸ்பேஸ் கடகடத்தது.
பழகிக்கொள்ள அவசரமில்லை.