நாற்பத்தொரு மில்லிவினாடி

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு திரை.
அதில் இருபத்தாறு பச்சைப் புள்ளிகள்.
புள்ளிக்கு ஒரு சேவை,
சேவைக்கு ஒரு வாக்குறுதி, நான் எழுதியது:
கேட்டால் இருநூறு மில்லிவினாடிக்குள் மறுமொழி.
ஆயிரம் முறை கேட்டால்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முறை மறுமொழி.
மிச்சமுள்ள ஒன்றுக்கு மன்னிப்பு,
எஸ்தோனிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும்.

ஆக, வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம்
விழுந்து கிடக்க எனக்கு அனுமதி உண்டு.
கஞ்சன் உப்பைக் கிள்ளுவதுபோல் அதைக் கிள்ளிக் கிள்ளி
ஜூலை முடிய இருபத்திரண்டு நிமிடம்தான்
செலவழித்திருந்தேன்.
தாலின் நகரத்தில் யாரும் மாலை போடவில்லை.
ராய்வோ மட்டும் ஒரு காபி வாங்கிக் கொடுத்தான்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி இரவு
ரோஹுகூலா துறைமுகத்தில்
எந்தெல் கூசிக் என்பவர் காரை நிறுத்தினார்.
பின்னால் இழுவண்டி,
அதில் பதினான்கு தேனீப் பெட்டிகள்,
வாசல்களை வலையால் அடைத்தவை.
கடலுக்கு அந்தப் பக்கம் ஹீயுமா தீவில்
புதரெல்லாம் ஊதாவாகப் பூத்துவிட்டது.
தேனீக்களை இருட்டில்தான் கொண்டுபோக வேண்டும்.
வெயில் ஏறினால்
மூடிய பெட்டிக்குள் தம் சூட்டிலேயே அவை வெந்துபோகும்.

கைபேசியில் கேட்டார்:
கடைசிக் கப்பலில் இழுவண்டிக்கு இடம் உண்டா?

இல்லை என்றது என் சேவை.
எத்தனை நேர்த்தியாகச் சொன்னது!
நாற்பத்தொரு மில்லிவினாடியில்,
தடங்கல் இல்லாமல், எழுத்துப் பிழை இல்லாமல்,
வெற்றி என்ற குறியோடு.
மறுபடி கேட்டார். முப்பத்தெட்டு.
பதினோரு முறை கேட்டார்.
பதினோரு முறையும் வெற்றி.
அன்றிரவு என் சராசரி சற்றே மேம்பட்டது.

கப்பல் போனது.
வண்டித் தளத்தில் ஏழு கார்கள்.
மீதி இடத்தில் காற்று
டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்தது.

காரணம் மறுநாள் மதியம் கிடைத்தது.
கார்களிடம் நாங்கள் நீளம் கேட்பதில்லை,
இழுவண்டியிடம் கேட்போம்.
ஒரு சேவை அதை சென்டிமீட்டரில் சொல்ல
அடுத்த சேவை மீட்டரில் கேட்டுக்கொண்டது.
பதினோரு மீட்டர் வண்டி
ஆயிரத்து நூறு மீட்டராகி
துறையைத் தாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.
அதற்கு எந்தக் கப்பலில் இடம்?
ஒரு வகையில், இல்லை என்றது பொய்கூட இல்லை.

உதவி எண்ணில் இருந்த உர்வே
அழைப்பைப் போட்டுக் காட்டினாள்.
திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.
பின்னணியில் ஒரு ரீங்காரம்,
கோளாறான மின்மாற்றி போல.
அதற்கு மேலே அவர் குரல்:
"உங்கள் எந்திரம் நல்ல வேகம்."
அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

விடிவதற்குள் யாரோ ஒருவரின் ஓட்ஸ் வயலோரம்
பெட்டிகளைத் திறந்துவிட்டாராம்.
இரண்டு பெட்டிகளிலிருந்து
எதுவும் வெளியே வரவில்லை.

அளக்கிற நாழிக்கு அகவிலை தெரியாது, சரி.
நாழியைச் செய்தவள் கேட்டிருக்கலாம்.

இப்போது சுவரில் இருபத்தேழாவது புள்ளி.
தினமும் இரவு ஒன்பதரைக்கு
இல்லாத ஓர் இழுவண்டி இடம் கேட்கிறது.
அதே நேரம் சாய்தளத்தில் நிற்கும் ஐவோ
எத்தனை மீட்டர் காலி என்று
காலடியால் அளந்து, எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்.
ஐவோவின் காலடி முக்கால் மீட்டர்.
மழை நாளில் கொஞ்சம் குறையும்,
அதற்கும் ஒரு திருத்தம் வைத்திருக்கிறேன்.
இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்.

மேலாளருக்கு அந்தப் புள்ளி பிடிக்கவில்லை.
பார்வையாளர்கள் வரும் நாளிலாவது
மறைத்து வைக்கலாமே என்கிறார்.
அது பாதி நாள் மஞ்சள், சில நாள் சிவப்பு.

மாத அறிக்கையில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்.
வேகம், கிடைப்பு, பாதுகாப்பு என்ற
பழைய ஒன்பதுகளின் அணிவகுப்புக்குக் கீழே:
சொன்னது உண்மையா, எண்பத்தேழு சதவீதம்.

எங்கள் அலுவலகத்தில் இதுவரை யாரும்
இத்தனை சின்ன எண்ணுக்குக் கீழே
கையெழுத்துப் போட்டதில்லை.
ராய்வோ எட்டிப் பார்த்தான்.
காபி வாங்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
மிச்சம் பதிமூன்று எங்கே என்றான்.