பதிவு அட்டையில் ஒரு கட்டம்

பெயர்: லெம்பி கோர்ப்பெலா.
ஊர்: தூர்க்கு, ஆற்றின் மேற்குக் கரை.
பொருள்: கம்பளித் தரைவிரிப்பு, ஒன்று.
'வகை' என்ற கட்டத்தில்
மூன்று நாளாகப் பேனாவை வைத்து வைத்து எடுக்கிறேன்.

பழைய பேரேட்டில் இது வீட்டுச் சாமான்,
காப்பிக் கெண்டிக்கும்
உடைந்த பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவில்.

வரையத்தான் வந்தாள் அவள்.
மாதிரிக்கு ஆள் வைக்கக் காசில்லை.
சவுனாவின் ஆவியில்
சலவைக்காரிகளையும் மீன்காரிகளையும் வரைந்தாள்,
தாள் ஈரத்தில் சுருளச் சுருள.
பிறகு அவர்களையே பெரிதாக, எண்ணெய் வண்ணத்தில்.

தேர்வுக் குழுவில் ஆறு பேர்.
ஆறு தாடி.
ஏழு கித்தானும் திரும்பி வந்தன,
வண்டிக்கூலியும் அவள் தலையில்.

அந்தக் குளிர்காலம் கத்தரிக்கோலை எடுத்தாள்.
முழங்கால், தோள்பட்டை, நனைந்த கூந்தல்,
எல்லாம் விரலகல நாடா.
பாவு ஏற்றிய தறியில்
ஊடாக அவை ஓடின.
மேலே நெருக்கி நெருக்கிக் கம்பளி முடிச்சு:
பிர்ச் இலை காய்ச்சிய மஞ்சள்,
காளான் கொடுத்த சிவப்பு,
எங்கிருந்து எடுத்தாளோ, அந்த நீலம்.

மறு ஆண்டு
அதே மண்டபம் தரைக்கு விரிப்பு கேட்டது.
விற்றாள். நல்ல விலை.
ஆறு தாடியும் அதன்மேல் நின்று
சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

யாரிடமும் சொன்னாளா, தெரியாது.
போரில் கம்பளி கிடைக்காமல் போக
காகிதத்தை முறுக்கி நூலாக்கி நெய்தாள்;
பிற்பாடு அவள் துணிகளுக்கென்று
சுவர்கள் கிடைத்தன, மேடை, மாலை, எல்லாம்.
அந்தப் புகழ்பெற்ற துணிகளுக்கு வேறு அறை, வேறு ஆள்.
எனக்கு இது.

அந்துப்பூச்சிதான் காட்டிக்கொடுத்தது.
தின்ற மூலையில் இடுக்கியால் முடிச்சை விலக்கினேன்:
ஒரு கண்.
இமைமேல் ஒரு துளி வெள்ளை,
ஆவியோ வியர்வையோ,
தூரிகை ஒரே ஒரு முறை தொட்டது.

அவிழ்த்துவிடலாம் என்கிறார் எங்கள் இயக்குநர் ஸ்யோப்லோம்.
ஏழு ஓவியத்தையும் ஒட்டிவிடலாமாம்.
அறுபதாயிரம் முடிச்சு, ஐயா.
அவள் விரலும் அதில்தானே இருக்கிறது
என்றேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகல் மூன்றரை, வெளியே இருட்டிவிட்டது.
பூச்சிக்கு மருந்து வைத்தேன்.
கட்டம் காலியாகவே கிடக்கிறது.
விதிப்படி கூடாது, தெரியும்:
காலணியைக் கழற்றி, காலுறையையும் கழற்றி
ஒருமுறை அதன்மேல் ஏறி நின்றேன்.

கணுக்கால்வரை கம்பளி.
கீழே யாரோ
குளித்துக்கொண்டிருந்தார்கள்.