ஒரே ஒரு மேசை

வாசல் கதவருகே ஒரு மேசை.
ஒரு கால் குட்டை.
காலாவதியான உறுப்பினர் அட்டைகள் நான்கை
அடியில் செருகி நிறுத்தியிருக்கிறேன்.

நகராட்சியிலிருந்து ஜனவரியில் பட்டியல் வரும்.
பிப்ரவரி ஆறு, சாமி இனத்தார் நாள்.
மார்ச் எட்டு, பெண்கள்.
ஏப்ரலில் ரோமா மக்கள்,
ஜூனில் வானவில்லும் அகதிகளும்,
டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள்.
எல்லாருக்கும் இதே மேசை.
போன ஆண்டு மார்ச் ஒன்பதாம் தேதி
பெண்களை அள்ளிவிட்டு
பனிச்சறுக்குப் போட்டிக் கோப்பைகளை வைத்தேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

வெளிப் பலகையில் நூலகம் என்று இரண்டு மொழியில்.
கீழ் வரியைச் சாவியால் கீறுகிறார்கள்.
பெயிண்ட் அடிக்கிறோம். மறுபடி கீறல்.
பட்ஜெட்டில் அந்தப் பெயிண்டுக்குத் தனி வரி உண்டு.

ஒட்கெய்ர் மட்டும் ஆண்டு தவறாமல் கேட்பார்.
மீன் வாடையடிக்கும் கையுறையைக் கழற்றாமல்
துப்பறியும் நாவல்களை நீட்டியபடி,
"எங்களுக்கு எப்போது நாள்?"
என்னிடம் பதில் இருக்கிறது.
குளிக்கும்போது நன்றாகவே வரும்.
அவர் எதிரே நிற்கையில்
திருப்பித் தரவேண்டிய தேதியை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு, பிப்ரவரி ஆறு.
இரண்டு மாத இருட்டு முடிந்து
சூரியன் வந்து பதினைந்து நாள்தான்.
மலை விளிம்பில் தலை காட்டி,
கடன் கொடுத்தவர் வீட்டைக் கடப்பது போல்
விடுவிடுவென்று போய்விடுகிறது.
கொடி, பள்ளிக்கூடத்தில் இரவல்.
கலைமான் இறைச்சி சூப் ஒரு பானை.
குழந்தைகள் ஆறு பேர்.
ஒருத்தி ஹோதன், மொகதிஷுவில் பிறந்தவள்,
சூப்பில் என்ன என்று இரண்டு முறை விசாரித்தாள்.

கதை சொல்ல வரவேண்டியவர்
பனிப்புயலில் அடுத்த ஊரில் மாட்டிக்கொண்டார்.
சாமி மொழிப் படப்புத்தகத்தை நானே வாசித்தேன்,
முந்தின இரவு ஒலிப்பதிவில் கேட்டுப் பழகிய உச்சரிப்பில்.
மூன்றாம் பக்கம்.
"பேவி" என்றேன்.

"பெஆய்வி."

நாளிதழ் மூலையிலிருந்து.
பனி வாரும் வண்டி ஓட்டும் மாக்னே.
பத்தொன்பது ஆண்டுகளாக இரவுப் பணி முடிந்து வருகிறவர்.
காப்பி, வானிலை, விளையாட்டுப் பக்கம்.
நாளிதழைத் தாழ்த்தவில்லை.
விளிம்பில் இரண்டு கட்டைவிரல்கள் மட்டும்.
"மறுபடி சொல்லுங்கள்," என்றாள் ஹோதன்.
சொன்னார்.
"அப்படியென்றால்?"
நாளிதழ் சற்று நேரம் சும்மா இருந்தது.
"சூரியன்," என்றது. "நாள் என்றாலும் அதே."

ஆறு பேரும் கத்திச் சொன்னார்கள்.
எனக்கு நான்காவது முறைதான் வாய் வளைந்தது.
நிமிர்ந்து பார்த்தால் காப்பிக் கோப்பை மட்டும்.
வெளியே வண்டி உறுமியது.

இந்த ஊர்ப் பள்ளியில் ஒரு காலத்தில்
அந்தச் சொல்லைச் சொன்ன பிள்ளைகளை
என்ன செய்தார்கள் என்பது
மேசையில் இருந்த ஒரு தடித்த புத்தகத்தில் உண்டு.
அதை அன்று யாரும் எடுக்கவில்லை.

ஏழாம் தேதி மேசையைக் கலைத்தேன்.
கோப்பைகள் வந்தன.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை.
பட்டியலில் பேரில்லாத தேதி.
பனி கரைந்து வாசலெல்லாம் சேறு.
மாக்னே வந்தார், நாளிதழ்ப் பக்கம் போகவில்லை.
உறுப்பினர் அட்டையை என் முன் வைத்துவிட்டு
சுவரில் எதையோ படிப்பது போல் நின்றார்.
"பெயர் மாற்ற என்ன படிவம்?"
"படிவமெல்லாம் இல்லை. சொன்னால் போதும்."
சொன்னார், எழுத்தெழுத்தாக.
'ஹ்' எங்கே வரும் என்று கேட்டேன்.
நடுவில், என்றார், மூச்சு விடுகிற இடத்தில்.
மாஹ்த்தே.

புது அட்டை சூடாக வெளியே வந்தது.
பழையதை என்ன செய்வது என்றார்.
"மேசைக்கு அடியில் செருகலாம்," என்றேன்.
"இன்னும் லேசாக ஆடுகிறது."