கால் டிக்கெட்

ஆல்பேட்டை நிறுத்தத்தில் ஒரு மின்கம்பம் இருக்கிறது.
அதன் பின்னால் கட்டையைச் சாய்த்துவிட்டு
துப்பட்டாவைச் சரிசெய்கிறவள் போல
கம்பத்தில் ஒரு கை வைத்து நிற்பேன்.
தூரத்திலிருந்து பார்க்கிற டிரைவருக்கு
நான் முழு டிக்கெட்.

கட்டை தெரிந்தால் வண்டி
இருபது அடி தள்ளித்தான் நிற்கும்.
நிற்கும் என்பதே பெரிய வார்த்தை.
உருளும், மூச்சு வாங்கும்,
பதினாலாவது அடியில் நான் இருக்கும்போது
விசில் கேட்கும்.
எண்ணி வைத்திருக்கிறேன்.
மருந்துக்கடையில் பில் போடுகிறவள்,
கணக்கு தப்பாது.

அன்றைக்கு என் முன்னாலேயே நின்றது ஏழு நாற்பது.
படியில் கட்டையை ஊன்றிய பிறகுதான் பார்த்தார் கண்டக்டர்.
"இத எங்கம்மா வெச்சிருந்த?
தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கவே மாட்டமே."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
விலையைக் குறைத்துச் சொல்லிவிட்ட கடைக்காரர்
பிறகு வருந்துவது போல.
முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:
"கால் டிக்கெட்டு ஏறுது, இரு இரு!"

தமிழில் கால் என்றால் நாலில் ஒன்று.
தமிழில் கால் என்றால் கால்.
எந்தப் புலவர் வந்தாலும்
இதற்கு மேல் சிலேடை கிடையாது.

நாலு பேர் சிரித்தார்கள்.
ஐந்தாவது ஆள் சிரிக்கவில்லை.
எனக்கென்று எழுதிய சீட்டில்
என்னைப் பார்த்ததும் கண்ணை மூடியவர்
கங்கணாங்குப்பத்தில் திறக்கவில்லை
ரெட்டிச்சாவடியில் திறக்கவில்லை.
போன் அடித்தபோது மட்டும்
"பஸ்ல கூட்டம்ப்பா, நின்னுட்டு வர்றேன்" என்றார்.

கண்டக்டர் அட்டையைப் பார்த்தார்
சுடிதாரின் ஓரத்தைப் பார்த்தார்
அட்டையைப் பார்த்தார்.
"எந்தக் கால்?"
காட்டினேன்.
ஏழு வயதிலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் இன்னொருவர் சொன்னார்:
"கன்னியகோயில் தாண்டினா இது செல்லாதும்மா."
எல்லை தாண்டியதும் கால் வளர்ந்துவிடும் போல.
மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுக்
குனிந்து பார்த்தேன்.
அதே நீளம்தான்.

சீட்டுக்கு மேல் மாற்றுத்திறனாளி என்று
பாதி உரிந்த பெயிண்ட்.
என்ன திறன் என்று யாராவது கேட்டால்
சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன்:
எனக்கு ஒளிக்கத் தெரியும்.

போன புதன்கிழமை
என் கம்பத்துக்கு அந்தப்பக்கம் ஒருவர்
வெள்ளைக் குச்சியை நாலாக மடித்து
டிபன் பைக்குள் வைத்தார்.
நான் பார்த்தது எப்படித் தெரிந்ததோ,
"விரிச்சிருந்தா நிக்கமாட்டான்ல" என்றார்.
சவரிநாதன்.
அரியாங்குப்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில்
டெலிபோன் எடுக்கிறவர்.
எத்தனை வருடமாக மடிக்கிறீர்கள் என்றேன்.
பதினொன்று.
எனக்கு மூன்றுதான்.
கம்பத்துக்கு நான் ஜூனியர்.

ஏழு நாற்பது
என் கண்ணுக்கு முன்பே அவர் காதுக்கு வந்தது.
"கியர் எறக்குறான்" என்றார்.
போர்டைப் படித்துச் சொன்னேன்.
என் கட்டை அவர் முதுகுக்குப் பின்னால் போனது.
அவர் என் தோளருகே நிமிர்ந்து
எதிர்ச் சாரியில் யாரையோ
தேடுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

வேலைக்குப் போகிற இரண்டு பேர்,
ஒரு குறையும் இல்லாதவர்கள்,
கை காட்டினோம்.