சாட்சிக் கையெழுத்து

பாடாங் செராயில் பால்மரங்களைச் சாய்த்தபோது
நான் ஆறாம் ஆண்டு.
வேரோடு பிடுங்கி எரித்துச்
செம்பனை நட்டார்கள்.
அதே துரைமார் கப்பலில் வந்த
முந்நூற்று எழுபத்தேழாம் பிரிவை மட்டும்
யாரும் பிடுங்கவில்லை.
இந்தியாவில் நீதிமன்றம் கிளையை வெட்டியது.
சிங்கப்பூரில் நாடாளுமன்றம் எடுத்துப் போட்டது.
இங்கே அது இன்னும் காய்க்கிறது.

தினகரனும் நானும் ஆலையின் எடைமேடையில்.
பன்னிரண்டு வருடமாக
ஒரே வீடு, இரண்டு வாடகை ரசீது.
கூட்டாளிகள் என்கிறது ஊர்.
அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இடம் என்று
ஊருக்குத் தெரியும்,
கேட்பதில்லை.

கெடாவில் வெள்ளி விடுமுறை.
ஹாட்யாயில் அன்று அலுவலகம் உண்டு.
எல்லை தாண்டியதும் கைப்பேசி
தானாக ஒரு மணி நேரம் பின்னால் போனது.
"பின்தங்கின நாடுப்பா" என்று சிரித்தாள் கனகவேணி.
அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை,
முகம் அப்படி இல்லை என்பதால்
குடிநுழைவு முகப்பில்
நாற்பது நிமிடம் நிறுத்தப்பட்டவள்.
கிடைத்த மணி நேரத்தில் அதுவும் செலவு.

ஆலைக்கு உதிரிப்பாகம் கொண்டுவரும் பிரசீத்துக்கும்
அவன் நத்தபோனுக்கும் கல்யாணம்.
ஒரு முத்திரை. கொஞ்சம் கைதட்டல்.
பசியாறப் போகலாமா என்ற பேச்சு.
"அவ்வளவுதானா?" என்றான் தினகரன்,
யாரிடமும் இல்லாமல்.

பதிவு செய்தவளின் நகங்களில் ரோஜாப் பூச்சு.
அவள் கனகவேணியைப் பார்த்தாள்,
கனகவேணி அவளை.
கழுத்து அட்டையில் தன் பெயருக்கு முன்னால்
இன்னும் "நாய்" என்றே இருப்பதாக
பிரசீத்தை விட்டுச் சொல்லச் சொன்னாள்.
சயாம் மொழியில் அதற்குத் "திரு" என்று பொருள்.
முதலில் சிரித்துவிட்டாள் கனகவேணி.
பிறகு, காரில்,
சேலத்து அத்தை மகளைப் பற்றிச் சொன்னாள்:
அரசாங்கமே திருநங்கை என்று அட்டை கொடுத்திருக்கு,
வாடகைக்கு வீடுதான் கொடுக்க ஆளில்ல.
"மூணு நாட்டையும் சேத்துப் பிசைஞ்சாத்தான்
ஒரு மனுஷிக்கு ஒரு வாய் சோறு."

சாட்சிக்கு இரண்டு பேர் கேட்டார்கள்.
தினகரன் பெயருக்குக் கீழே என் பெயர்.
ஓர் அரசாங்கத் தாளில்
நாங்கள் ஒன்றாய் இருப்பது
அதுதான் முதல் தடவை.
நகல் கேட்டேன்.
சாட்சிகளுக்குத் தருவதில்லையாம்.

திரும்பும்போது கடிகாரம்
கொடுத்ததை வாங்கிக்கொண்டது.
என்ன கொண்டுவருகிறீர்கள் என்றார் சுங்க அதிகாரி.
"இனிப்புப் புளி, ரெண்டு கிலோ" என்றான் தினகரன்.
பொய்யில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி, முதல் லாரி.
நான் எடை சொன்னேன், அவன் எழுதினான்.
ரசீதின் அடியில்
எடுத்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கோடுகள்.
ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டோம்.
லாரிக்காரர் கிழித்து வாங்கிக்கொண்டு போனார்.