நம்பர் சொல்லுங்க

துவரம்பருப்பு
கல்மண்டபத்தில் நூற்று நாற்பத்தெட்டு,
கொத்தவால்சாவடி மொத்தக்கடையில் நூற்று நாற்பத்திரண்டு,
தண்டையார்பேட்டை ஏசி கடையில் நூற்று முப்பத்தொன்பது,
ஆனால் ஆளுக்கு ஒரு கிலோதான்.
கேஸ் ஏஜென்சி காலண்டரின் முதுகில்
பென்சிலால் எழுதிவைப்பேன்.
பேனா ஆகாது, மறுநாளே அழிக்க வேண்டிவரும்.

சாவடிக்குப் போய்வர ஷேர் ஆட்டோ நாற்பது.
ஆறு ரூபாய் மிச்சம் பிடிக்க நாற்பதா என்று
நவநீதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து வாங்கினா, என்றேன்.
விரல் மடக்கிப் பார்த்தாள்.
சிரிப்பு நின்றது.

அப்படித்தான் ஆரம்பம்.
கொருக்குப்பேட்டை கால்வாய்ச் சந்தில்
ஒன்பது வீடு, ஒரே நம்பர்.
ஏசி கடையில் பில் போடும் பெண்
"நம்பர் சொல்லுங்க" என்றால்
யார் நின்றாலும் டெய்சிராணியின் பத்து இலக்கம்தான்.
ஹசீனா மகன்
ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால்
அதைத்தான் மனப்பாடம் செய்தான்.
நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட்.
இரண்டாயிரம் சேர்ந்தால் ஐந்து லிட்டர் குக்கர்.
குக்கர் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே
சீட்டுக் குலுக்கிவிட்டோம்,
குப்பம்மாவுக்கு விழுந்தது.
அன்றைக்கே அடுப்புமேடையில் இடம் ஒதுக்கிவிட்டாள்.

ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கும்போது
கால்வாய் ஓரத்து வீடுகளில்
சிவப்புப் பெயின்ட்டால் எண் போட்டார்கள்.
டெய்சிராணிக்கு முப்பத்தேழு.
பீரோ, தையல் மிஷின், மூன்று பிள்ளைகள்,
எங்கள் பாயிண்ட் எல்லாம்
ஒரே லாரியில் பெரும்பாக்கம் போயின.

பிறகும் அந்த நம்பரைத்தான் சொன்னோம்.
பில் போட்டதும் மெசேஜ் அவளுக்குப் போகும்,
அவளிடமிருந்து போன் வரும்:
"இன்னாடி எழுநூத்தி எம்பதா? யார் ஊட்ல விசேசம்?"
முப்பத்தாறு ரூபாய் வந்தால் அது குப்பம்மா,
சேமியாவும் தீப்பெட்டியும்.
அங்கிருந்தே சந்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் ஒரு நாள்
பில்லின் அடியில் மீதி பாயிண்ட்: ஒன்பது.

சந்தே கூடிவிட்டது.
காலண்டரைத் திருப்பிக் கணக்குப் போட்டேன்.
ஹசீனா முந்நூற்றுப் பத்து,
நவநீதம் இருநூற்று எழுபத்தைந்து,
நான் நானூறுக்கு மேல்.
குப்பம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

போன் போட்டேன். நான் வாயெடுக்கும் முன்னே
"குக்கர் வாங்கலடி" என்றாள்.
"அரிசி, எண்ணெ, பெரியவளுக்கு நாப்கின்.
ரெண்டு பஸ் மாறிப் போயி வாங்கினேன்."
ஏன், பக்கத்துல கடை இல்லியா?
"கீது. ஒண்ணே ஒண்ணு. அவன் சொல்றதுதான் வெல.
ரெண்டு கட இருந்தாத்தானே
அங்க எவ்ளோன்னு கேக்க முடியும்?"

அவளுக்குப் பின்னால்
யாரோ தண்ணீர்க் குடத்தைப்
படிக்குப் படி இறக்கிவைத்து ஏறும் சத்தம்.
எட்டு மாடி. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி காலண்டரின் மூன்று பத்திகளும்
மூன்று கடைப் பெயர்களும்
பத்திரம் மாதிரித் தெரிந்தன,
என் பேரில் யாரோ எழுதிவைத்த சொத்து.

குப்பம்மா மறுநாளே தன் நம்பரைப் பதிந்துகொண்டாள்.
புதுசாகச் சேர்ந்ததற்கு ஐம்பது பாயிண்ட் சும்மா வந்ததாம்,
குழாயடியில் நாலு நாளாய் அதே பேச்சு.
நவநீதமும் மாறிவிட்டாள்.
ஹசீனா மகன் மட்டும் வாய்ப் பழக்கத்தில்
பழையதைச் சொல்லிவிட்டு வந்து
உதை வாங்குகிறான்.

நேற்று எனக்கு நானூற்றுப் பதினாறு.
"நம்பர் சொல்லுங்க."
பின்னால் கூடை இடுப்பில் இடித்தது.
தொண்ணூற்றெட்டு நாற்பது என்று தொடங்கி
மூச்சுவிடாமல் முடித்தேன்.

வீடு சேர்வதற்குள் போன்.
"இன்னா, பருப்பு எறங்கிடுச்சா?"